நூற்றுப் பன்னிரண்டாவது கோல்

தார்ன்மியர்
20 அக்டோபர் 1986, திங்கள்

அன்புள்ள க்ளைவ்,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, தேநீர்கூடப் போட்டுக்கொள்ளாமல், நூலகத்துக்கு நடந்தேன். ஒன்பது மணிக்குத் திறக்க வேண்டிய கதவை ஏழரைக்கே திறந்து, நம் ஊர்ப் பத்திரிகையான கெஜட்டின் 1978ஆம் ஆண்டுத் தொகுப்பைத் தூக்கி மேசைமேல் போட்டேன். ஒரு கன்றுக்குட்டி கனம். தோள் இன்னும் வலிக்கிறது. மற்றபடி நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நீ தங்கியிருக்கிற வீட்டு அம்மா ஒழுங்காகச் சாப்பாடு போடுகிறாளா?

இத்தனை அவசரம் எதற்கென்று கேட்பாய். நம் ஊர்க் கால்பந்து கிளப்பின் செயலாளர் டாட்டர்சால் போன மாதம் நூலகத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் தொப்பியைக் கழற்றினால் ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

“வர்ற மே மாசத்தோட கிளப்புக்கு நூறு வயசாகுது, நார்மா. புத்தகம் போடறோம். எழுதறதுக்கு ஆள் வரிசையில நிக்கறான். எண்ணறதுக்குத்தான் ஒருத்தனும் இல்ல.”

ஆக, நூறு வருடத்து ஆட்டங்களையும் கோல்களையும் எண்ணுவது என் பொறுப்பு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நம் ஊர் கெஜட்டைப் பார்க்கிறேன். எதிரணி ஊரின் பத்திரிகையையும் அந்த ஊர் நூலகத்திலிருந்து நகல் எடுத்து வரவழைக்கிறேன். இரண்டும் ஒத்துப்போனால் ஒரு டிக். உன்னுடைய கோல்களைத் தனித்தாளில் எழுதிவருகிறேன். போருக்கு முன் நம் அணிக்காக ஹெரால்ட் சக்டன் நூற்றுப் பதினொன்று அடித்தார். நீ நூற்றுப் பன்னிரண்டு. ஒரே ஒரு கோல் வித்தியாசம் என்பதால் அந்தப் பக்கத்தில் பிசகு இருக்கக் கூடாது. மைதான வாசலில் உன் பெயரும் எண்ணும் போட்டுப் பித்தளைப் பலகை வைக்கப் போகிறார்களாம்.

நூற்றுப் பதினொன்றுக்கு டிக் போட்டுவிட்டேன். ஒன்று மட்டும் இடிக்கிறது. 1978 நவம்பர் 25, ரேவன்ஷா ஊரில் நடந்த ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று சமன். நம் கெஜட் அந்தக் கோலை நீ அடித்ததாகச் சொல்கிறது. ரேவன்ஷா பத்திரிகையோ அதை உன்னோடு நம் அணியில் ஆடிய லெஸ் பிக்கர்ஸ்கில் அடித்ததாகப் போட்டிருக்கிறது. அவர்களுடைய கோல்கீப்பரிடம் கேட்டிருக்கிறார்கள். “மூடுபனிக்குள்ளிருந்து ஒரு வழுக்கைத் தலை வந்தது, பந்து உள்ளே போனது” என்றாராம்.

உனக்கு இன்றைக்கும் தலை நிறைய முடி. அன்றைக்குத் தோள்வரை இருந்தது. அவர்கள்தான் தவறாகப் போட்டிருப்பார்களோ? உனக்கு ஞாபகம் இருக்குமே. அக்காவுக்கு ஒரு வரி எழுதிப்போடு. தொலைபேசியில் கேட்டால் நீ “ம்” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
நார்மா

*

போர்ட்ஹேவன்
2 நவம்பர் 1986

அன்புள்ள நார்மா,

உன் கடிதம் கிடைத்தது. தோளுக்கு வெந்நீர்ப் பை வை. கன்றுக்குட்டியை இனி வேறு யாரையாவது தூக்கச் சொல்.

நான் நன்றாக இருக்கிறேன். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. போன சனிக்கிழமை கடைசி இருபது நிமிடம் ஆடினேன். கம்பத்தில் ஒன்று பட்டது. இங்கே காற்று எப்போதும் கடலிலிருந்து வீசுகிறது; கோல்கீப்பர் உதைத்த பந்து சில சமயம் அவரிடமே திரும்பி வருகிறது. என் இடத்தில் இப்போது ஆடுபவனுக்குப் பத்தொன்பது வயது. என்னை “சார்” என்று கூப்பிடுகிறான். அடிக்கலாம் போலிருக்கிறது.

ஆக்ஸன்ஹாம் அம்மா காலையில் புகைபோட்ட மீன், மதியம் மீன் வடை, வெள்ளிக்கிழமை விசேஷமாக மீன் தருகிறாள். கடற்காகம் ஒன்று என் ஜன்னலில் வந்து உட்காரும். எனக்குப் பதிலாக அதற்குத்தான் அவள் சமைக்கிறாள் என்று நினைக்கிறேன்.

நம் வீட்டுக் கூரை ஒழுகுவது நின்றதா? குளிர் வருவதற்குள் சரிசெய். உன் உடம்பைக் கவனி.

க்ளைவ்

*

தார்ன்மியர்
10 நவம்பர் 1986

அன்புள்ள க்ளைவ்,

கூரை சரியாகிவிட்டது. தோளும் பரவாயில்லை. நீ நலமென்று எழுதியதில் மகிழ்ச்சி. ஆனால் கேட்டதற்குப் பதில் இல்லை. ஒருவேளை என் கையெழுத்தில் அந்தப் பத்தி மட்டும் புரியவில்லையோ?

நீ எதையும் மறக்கிற ஆளில்லை. உன்னுடைய முப்பத்தெட்டாவது கோலைப் பற்றிப் போன கிறிஸ்துமஸில், வான்கோழியை வெட்டிக்கொண்டே, யார் பந்தைத் தந்தது, எந்தக் காலால் நிறுத்தினாய், கோல்கீப்பர் எந்தப் பக்கம் விழுந்தார் என்று மிளகுச் சிமிழையும் உப்புச் சிமிழையும் நகர்த்தி நகர்த்திக் காட்டினாய். குழம்பு ஆறிப்போனது. எட்டு வயதில் பள்ளி மைதானத்தில் அடித்ததைக்கூடச் சொல்வாய். ரேவன்ஷா கோலைப் பற்றி மட்டும் நீ சொல்லி நான் கேட்டதே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசைதான். உனக்கே தெரியும், குறுக்கெழுத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

முழங்காலைப் பற்றி “ஒன்றும் இல்லை” என்றால் எனக்குக் கவலை கூடுகிறது. “கொஞ்சம் வலி” என்று எழுதினால் நிம்மதியாக இருப்பேன்.

அன்புடன்
நார்மா

*

போர்ட்ஹேவன்
30 நவம்பர் 1986

நார்மா,

அஞ்சல் அட்டைதான், மன்னித்துக்கொள். நாளை வெளியூர் ஆட்டம். நலம். கொஞ்சம் வலி. நிம்மதியா?

அன்றைக்கு மூடுபனி. கார்னர் கிக். உள்ளே போனது. கெஜட்டில் உள்ளபடி எழுது.

லெஸ் எப்படி இருக்கிறார்?

க்ளைவ்

*

தார்ன்மியர்
7 டிசம்பர் 1986

அன்புள்ள க்ளைவ்,

லெஸ் எப்படி இருக்கிறார் என்று கேட்டாய். எனக்கும் தெரியாததால் போய்ப் பார்த்தேன். நன்றாக இருக்கிறார். கொஞ்சம் தொப்பை. உன்னை விசாரித்தார். என் தோளையும் விசாரித்தார். அது எப்படி ஊர் முழுக்கத் தெரிந்தது என்று புரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருடைய மீன் வறுவல் கடைக்குப் போனது என் முட்டாள்தனம். வரிசை தெருமுனைவரை நின்றது. எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் அவர் ஆடிய காலத்துப் படம் இன்னும் மாட்டியிருக்கிறது. கீழே பெரிய எழுத்தில் “340 ஆட்டம். 0 கோல்.” எனக்கு முன்னால் நின்ற ஆள் சொன்னான்:

“லெஸ், அந்த வினிகர் பாட்டில இப்படித் தள்ளு. பாத்து, கம்பத்துக்கு மேல அடிச்சிடாத.”

“ஒனக்குப் பெரிய மீனா எடுத்து வச்சிருந்தேன் ஆர்தர். இப்ப அது சின்னதாயிடுச்சு.”

என் முறை வந்தபோது ரேவன்ஷா பத்திரிகையின் நகலை நீட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வாய் அசையப் படித்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, “டோரீன், சட்டியப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டு, உருளைக்கிழங்கு வாளிகள் அடுக்கியிருக்கும் பின்கட்டுக்கு என்னை அழைத்துப் போனார்.

“வழுக்கைத் தலைன்னு அப்பவே பேப்பர்ல போட்டுட்டானுங்களா? எட்டு வருசமாச்சு, ஒருத்தனும் எங்கிட்டக் காட்டலியே கண்ணு.”

“அப்ப அது நீங்களா?”

“கார்னர் வந்துது. பந்து எங்க இருக்குன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். எல்லாரும் தலைய நீட்டினாங்க, நானும் நீட்டினேன். நெத்தியில டொக்குன்னு ஒரு சத்தம். அப்புறம் வலை ஆடற சத்தம். கண்ணால பாக்கல. காதால கேட்டேன், அவ்வளவுதான்.”

அதன் பிறகு அவர் சொன்னதை எழுதுகிறேன். நீ மறுக்க வேண்டுமென்றால் மறுக்கலாம்.

நீ அதற்கு முன் பதினோரு ஆட்டமாகக் கோல் போடவில்லை. திங்கட்கிழமை உன் இடத்துக்குப் புது ஆள் கையெழுத்துப் போட வருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். பேருந்தில் லெஸ் பக்கத்தில்தான் உட்காருவாய். “மூணு வாரமா அதே சாண்ட்விச்சை மென்னுகிட்டே இருந்தான், முழுங்கவே இல்ல” என்றார். ஆட்டம் முடிந்ததும் கெஜட் நிருபர் உடைமாற்றும் அறைக்கு வெளியே வந்து நின்று, “ஒண்ணுமே தெரியலப்பா. யாரோட கோலு அது?” என்று கேட்டிருக்கிறார்.

“நம்ம க்ளைவ் என்னப் பாத்தான். நான் அவன் மணிக்கட்டப் புடிச்சு மேல தூக்கினேன். அவனா தூக்கல, கண்ணு. அதை எழுதறதா இருந்தா அப்படித்தான் எழுதணும். அடுத்த வாரம் ரெண்டு போட்டான். புது ஆள் வந்த ரயில்லயே திரும்பிட்டான்.”

“உங்க வாழ்க்கையிலேயே அது ஒண்ணுதானே. விட்டுக்கொடுத்துட்டீங்களே.”

“அது எம்பேர்ல இருந்தா நான் யாரு? முந்நூத்தி நாப்பது ஆட்டத்துல ஒரு கோல் போட்டவன். அப்படி ஊருக்கு நாலு பேர் கெடப்பான். ஒண்ணுமே போடாதவன் நான் ஒருத்தன்தான். இங்க வரிசையில நிக்கறவன்ல பாதிப் பேர் மீனுக்கா வர்றான்? என்னக் கிண்டல் பண்ண வர்றான். கிண்டல் பண்ணிட்டு வெறுங்கையோட போக முடியுமா? பூஜ்ஜியத்த என்கிட்டயிருந்து எடுத்துடாத.”

டோரீன் எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. கையில் கரண்டி இருந்தது. “இத்தன வருசம் கோல் போட்ட மனுசனோடவா குடும்பம் நடத்தினேன்” என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது லெஸ் என்னிடம் ஒன்று கேட்டார். “அந்த நகல நான் வச்சுக்கவா?” நான்காக மடித்து, ஏப்ரனுக்கு உள்ளே, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இதுதான் நடந்தது. டாட்டர்சாலிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நீ எழுது. குளிர் அதிகம், காலை மூடி வைத்துக்கொள்.

அன்புடன்
நார்மா

*

தார்ன்மியர்
18 ஜனவரி 1987

அன்புள்ள க்ளைவ்,

உன் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வந்தது. உள்ளே பெயர் மட்டும். நான் எழுதி ஆறு வாரமாகிறது. இங்கே பனி முழங்கால் உயரம். இரண்டு வாரமாக மைதானம் கல்லாகிக் கிடக்கிறது, ஆட்டம் எதுவும் இல்லை. நான் நலம்.

நான் தோண்டியிருக்கக் கூடாதோ என்று யோசிக்கிறேன். ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அது யாருடைய கட்டம் என்று யோசிக்கவில்லை. ஆனால் ஒன்று புரியவில்லை. லெஸ் சொன்னதைக் கேட்டபோது எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. ஆட்டக்காரர்களுக்குள் இப்படி நடப்பதுதான். அப்படியிருக்க, நீ ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறாய்? இருபத்தாறு வயதில் ஒரு பனி நாளில் செய்தது இவ்வளவு பெரிதா?

போர்ட்ஹேவன் ஆட்டங்களின் சுருக்கத்தைப் பத்திரிகையில் பார்க்கிறேன். டிசம்பர் முழுக்க உன் பெயரைக் காணவில்லை. மாற்று ஆட்டக்காரர்களிலும் இல்லை.

உடம்பு எப்படி? அதையாவது எழுது.

நார்மா

*

போர்ட்ஹேவன்
8 பிப்ரவரி 1987

அன்புள்ள நார்மா,

நீ நலமென்று நம்புகிறேன். இங்கே மழை. நான் இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஆக்ஸன்ஹாம் அம்மா, நான் யாருக்கோ காதல் கடிதம் எழுதுவதாக நினைத்து இரண்டு நாளாக மீன் வடை எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறாள்.

லெஸ் சொன்னதில் ஒரு திருத்தம். அவர் மணிக்கட்டைப் பிடித்தார், உண்மை. ஆனால் கையைக் கீழே இறக்க எனக்கு வேண்டிய நேரம் இருந்தது.

நீ கேட்டாய், இவ்வளவு பெரிதா என்று. அந்த நாளில் பெரிதில்லை. முப்பதாவது கோலோ நாற்பதாவதோ, யார் எண்ணுகிறார்கள். என் வேலை தப்பித்தது, அது போதும் என்றிருந்தது. தொண்ணூறைத் தாண்டியபோதுதான் கெஜட்டில் வாரம்தோறும் சக்டனின் எண்ணையும் என் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட ஆரம்பித்தார்கள்.

1983 மார்ச் 12. நீயும் அங்கே இருந்தாய். நூற்றுப் பன்னிரண்டாவது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சக்டன் கைத்தடியோடு படி இறங்கி மைதானத்துக்குள் வந்தார். ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று. மூவாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு காதில் சொன்னது யாருக்கும் கேட்டிருக்காது. “நாப்பத்தி நாலு வருசமா இதைத் தூக்கிட்டுத் திரியறேன்டா. ரொம்ப கனம். இந்தா, இனிமே நீ தூக்கு.” கண் கலங்கியிருந்தது. எனக்கு மட்டும் தெரியும், அவரும் நானும் அந்த நிமிடம் சமம். அவர் எதையும் இழக்கவில்லை. ஆனால் கொடுத்துவிட்டார்.

பரவாயில்லை என்று நினைத்தேன். இன்னும் ஒன்பது ஆட்டம் இருக்கிறது, அதில் ஒன்று போட்டுவிட்டால் எல்லாம் நிஜமாகிவிடும். யாருக்கும் தெரிய வேண்டியதே இல்லை. ஒன்றே ஒன்று. நான் வருடத்துக்குப் பதினைந்து போடுகிறவன்.

அந்த ஒன்று வரவில்லை. நாற்பது கெஜத்திலிருந்து அடித்தேன். பக்கத்தில் ஆள் தனியாக நின்றபோதும் நானே அடித்தேன். பெனால்டியை வானத்துக்கு அனுப்பினேன். ஜூன் மாதம் போர்ட்ஹேவன் கூப்பிட்டது. பணத்துக்காகப் போனேன் என்று ஊரில் சொன்னார்கள், இல்லையா? சொல்லட்டும் என்று விட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் சக்டன் இறந்தபோது நீ எழுதினாய். நான் அடக்கத்துக்கு வரவில்லை. ஆட்டம் இருந்தது என்றேன். ஆட்டம் இல்லை.

பலகையை அடித்துவிட்டார்களா?

தோளைப் பார்த்துக்கொள்.

க்ளைவ்

*

தார்ன்மியர்
15 பிப்ரவரி 1987

அன்புள்ள க்ளைவ்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் நலம். பலகை இன்னும் அடிக்கவில்லை. என் கணக்கு வராமல் எதுவும் அடிக்கக் கூடாது என்று டாட்டர்சாலிடம் சொல்லியிருக்கிறேன். சீசன் முழுவதும் முடிந்த பிறகுதான் புத்தகம் அச்சுக்குப் போகும், மே 18.

அந்த ஒன்பது ஆட்டங்களில் நம் ஊரில் நடந்த ஐந்தையும் பார்த்தேன். நீ பந்தைக் கண்டவுடன் அடிப்பதைப் பார்த்து, என் முன்வரிசையில் இருந்த ஆள் திரும்பி, “என்னம்மா நார்மா, ஒங்க தம்பிக்குக் கூட ஆடறவன் கண்ணுலயே பட மாட்டானா?” என்றான். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. சாதனை செய்து முடித்தவன் ஏன் பசித்தவன் போல ஆடுகிறான்? புகழ் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தேன். உன் அக்கா அப்படித்தான் நினைத்தாள். அதை இப்போது உனக்கு எழுதிவிடுவது நல்லது.

இன்னொரு செய்தி. சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நம் அணியில் ஒருவனுக்குக் கழுத்தெலும்பு உடைந்துவிட்டது, இன்னொருவனை ஆறு ஆட்டத்துக்குத் தடை செய்துவிட்டார்கள். மேனேஜர் நூலகத்துக்கே வந்துவிட்டார். அவர் நூலகத்துக்குள் வருவது இதுவே முதல் முறை என்று நினைக்கிறேன். ரொம்பவும் மெதுவாகப் பேசினார்.

“நம்ம க்ளைவ் காலு எப்படி? சீசன் முடியிறவரைக்கும் இரவலாத் தருவாங்களான்னு கேக்கலாம்னு இருக்கேன்.”

“நல்லாருக்குன்னுதான் எழுதறான்.”

“எழுதறான் சரி. இருக்கா?”

“எனக்குத் தெரியாது” என்றேன். அது உண்மைதான். மார்ச் 26க்கு மேல் ஆட்டக்காரர்களை மாற்ற முடியாது என்றார். நான் உன்னை வா என்று சொல்லவில்லை. உன் கால் என்ன நிலையில் இருக்கிறதோ, அதை வைத்து நடக்கிறவன் நீ.

அன்புடன்
நார்மா

*

போர்ட்ஹேவன்
23 மார்ச் 1987

அன்புள்ள நார்மா,

நலம்தானே? கையெழுத்துப் போட்டுவிட்டேன். வியாழக்கிழமை நாலு மணி ரயில்.

ஒரு வேண்டுகோள். என் பழைய அறையில் படுக்கை போடாதே. கீழே, முன்னறையில் போடு. படி ஏற வேண்டாம் என்று டாக்டர் சொல்கிறார். நவம்பரிலிருந்து இரண்டு முறை முழங்காலில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். நீ கேட்டாயே, டிசம்பரில் ஏன் பெயர் இல்லை என்று.

ஸ்டேஷனுக்கு வராதே. நொண்டுவதை நீ முதலில் வீட்டில் பார்த்துக்கொள்.

மீன் மட்டும் சமைக்காதே.

க்ளைவ்

*

தார்ன்மியர்
11 மே 1987, திங்கள்

அன்புள்ள க்ளைவ்,

உன் சாமான்களை எடுத்துவர நேற்று மதியம் ரயிலேறினாய். இந்நேரம் போர்ட்ஹேவனில் இருப்பாய். முழங்கால் வீக்கம் வடிந்ததா? ரயிலில் காலை நீட்டி உட்கார இடம் கிடைத்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வீடுதான் சட்டென்று பெரிதாகிவிட்டது.

ஆறு வாரம் ஒரே கூரைக்கு அடியில் இருந்தோம். கூரையைப் பற்றிப் பேசினோம், கடற்காகத்தைப் பற்றிப் பேசினோம், அந்தக் கோலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடிதத்தில் முடிந்தது சாப்பாட்டு மேசையில் முடியவில்லை. எனவே மறுபடியும் எழுதுகிறேன்.

நீ ஏழு ஆட்டத்தில் இறங்கினாய். எதிலும் அரை மணி நேரத்துக்கு மேல் இல்லை. ஆறில் ஒன்றும் விழவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் மேல்வரிசையில் உட்கார்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு, எனக்குள்ளேயே எண்ணினேன். நீ 1983இல் ஆடியதுபோல ஆடவில்லை. தனியாக நின்றவனுக்குப் பந்தைக் கொடுத்தாய், உன்னோடு ஆடிய தோமாஸ் அதில் இரண்டு போட்டான். நீ அந்த எண்ணத்தை விட்டுவிட்டாய் என்றே நினைத்தேன்.

நேற்று முன்தினம் கடைசி ஆட்டம். வெயில் அப்படி ஒரு வெயில். எதிர்க் கோல் வலையின் முடிச்சுகளைக்கூட என் இடத்திலிருந்தே எண்ணியிருக்கலாம். எழுபத்தோராவது நிமிடம் நீ இறங்கினாய். நாம் இரண்டு கோல் பின்னால். எண்பத்து நாலில் அவர்களுடைய கோல்கீப்பர் கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டார். அது துள்ளி, உன் வலிக்கிற முழங்காலில் பட்டு, ஒரு நாய்க்குட்டி வீட்டுக்குள் போவதுபோல மெல்ல உருண்டு உள்ளே போனது. உன்னுடைய கோல்களிலேயே அசிங்கமானது அதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நீ ஓடவில்லை, குதிக்கவில்லை. புல்லில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாய். எல்லோரும் வலியால் என்று நினைத்தார்கள். டோரீன் பக்கத்தில் இருந்தாள். “வலியா இருக்குமோ?” என்று கேட்டாள். லெஸ் அவள் கையைத் தட்டி, “சும்மா இரு” என்றார்.

இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். அதற்குள் டாட்டர்சால் தொப்பியை ஆட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்.

“நூத்திப் பதிமூணு, க்ளைவ். பலகைக்கு இப்பவே சொல்லிடறேன்.”

“எண்ணறது எங்க நார்மா வேலை” என்றாய், காலணியைக் கழற்றிக்கொண்டே. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நேற்று நீ கிளம்பிய பிறகு தாள்களை எல்லாம் மேசையில் பரப்பினேன். இத்தனை மாதம் எனக்கு ஒரு கேள்விதான் இருந்தது: அந்தக் கோல் யாருடையது? அது தெரிந்து ஐந்து மாதமாகிறது. தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது வேறு கேள்வி என்று நான் கற்றுக்கொள்ள இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. உண்மையை முழுதாகப் போட்டால் லெஸ்ஸின் பூஜ்ஜியம் போய்விடும். அதை என்னிடம் கேட்டு வைத்திருக்கிறார். சக்டனின் மகளும், தன் அப்பா உன் கையைப் பிடித்துச் சாதனையை ஒப்படைத்த அந்த நாளை வேறு கண்ணால் பார்க்க வேண்டியிருக்கும். கெஜட்டில் உள்ளபடி போட்டால் நூற்றுப் பதிமூன்று. அதைத் தினமும் அந்த வாசல் வழியாகப் போகும்போது நீ படிக்க வேண்டியிருக்கும்.

நூலகத்தில் இருபத்திரண்டு வருடம். என் பட்டியலில் பிழை என்று இதுவரை யாரும் சுட்டிக்காட்டியதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு, உன்னிடம் மறைப்பானேன்.

ரேவன்ஷா கோலைக் கழித்து, சனிக்கிழமை அடித்ததைச் சேர்த்து, உன் பெயருக்கு எதிரே நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதப் போகிறேன். லெஸ்ஸின் பெயருக்கு எதிரே முந்நூற்று நாற்பது ஆட்டம், பூஜ்ஜியம். 1978–79இல் அணி அடித்த மொத்தக் கோல்களை மட்டும் உள்ளது உள்ளபடி விடுவேன். ஆட்டக்காரர்களின் கோல்களைக் கூட்டிப் பார்க்கிறவருக்கு ஒரு கோல் குறைந்து உதைக்கும். யாராவது கூட்டிப் பார்ப்பார்கள். இந்த ஊரில் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். டாட்டர்சால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கு ஓடி வருவார். தொப்பியைக்கூடக் கழற்ற மாட்டார். சனிக்கிழமை அடித்ததைச் சேர்க்காமல் விட்டுவிட்டாயே, சொந்தத் தம்பியின் கோலையே எண்ணத் தெரியவில்லையே என்பார். கெஜட்டில் ஆசிரியருக்குக் கடிதங்கள் வரும்.

நான், “ஆமாம், தவறிப்போச்சு” என்று சொல்லிவிடுவேன். வேறு எதுவும் சொல்ல மாட்டேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தையும் இப்போது தபாலில் போடப் போவதில்லை. புத்தகம் அச்சாகி வரட்டும். எண்ணை மாற்று என்று நீ சொல்ல முடியாதபடி ஆன பிறகு கையில் தருகிறேன்.

அன்புடன்
நார்மா